சிவப்புக் காரின் இடக் கதவு

அவர் தேய்த்துக் கொடுத்த காரில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் என்பார்கள். முப்பது வருடமாக அதே வேலை; பட்டறையில் அவர் பெயரே பாலிஷ் என்றாகிவிட்டது. சொந்தமாக இருந்தது ஒரு பழைய சிவப்புக் கார்.

மனைவிக்கு மறதி நோய் முற்றியபோது, அவள் காலையில் எழுந்ததும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் காரைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"எவ்வளவு அழுக்கு பாருங்க" என்பாள்.

ஒரே மாதத்தில் கார் வெளுத்துப்போனது. பாலிஷ் அதைக் கழுவி, காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்து, மேலே மெழுகு பூசினார். நிறம் திரும்பியது. அவள் கை படாதபடி உறை போட்டுக் கட்டினார்.

அதன்பிறகு அவள் எழுந்ததும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள். சோற்றைத் தொடவில்லை. நாருக்குப் பதில் மெத்தென்ற துணியைக் கொடுத்தார்; அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான்காம் நாள், உறையை இடப்பக்கம் மட்டும் தூக்கிக் கட்டினார். ஒரு கதவு போனால் போகட்டும்.

மகள் போனில் கோபித்துக்கொண்டாள். "நீங்களே கெடுக்க விடலாமாப்பா?"

"உங்கம்மா சாப்பிடுறாம்மா" என்றார்.

ஞாயிறுதோறும் அவள் தூங்கும் நேரம் பார்த்து அந்தக் கதவைப் பளபளப்பாக்கிவிடுவார். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் மயிரிழையளவு குறையும். துணியில் ஒட்டுகிற சிவப்பே அதைச் சொல்லும். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. எட்டாவது மாதம், கைப்பிடிக்குக் கீழே அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் நாரைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்தாள்.

"யாரு இப்படிப் பண்ணது?"

"நான்தான்."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர் வண்டிதான் இது. நல்ல மனுஷன். வந்தா நான் சொல்லிக்கிறேன்."

"சரிம்மா" என்றார் பாலிஷ்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். பட்டறைக்காரர்கள் கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பழைய சிவப்போடு அது ஒட்டவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாது, அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

இன்றும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறார். எங்கே நிறுத்தினாலும் இடப்பக்கத்தைச் சுவரோரமாக விட்டு நிறுத்துகிறார்.