மேலட்டை இல்லாத புத்தகமும் கவ்வாத்துச் சாமியும்

அந்தப் புத்தகத்துக்கு மேலட்டை கிடையாது. முதல் சில பக்கங்களும் கிடையாது. அட்டன் நகரக் கடைவீதியில் ஒரு கடையில் சாமான் சுற்றிக் கொடுக்க வாங்கிப் போட்டிருந்த பழைய தாள்கட்டிலிருந்து, அந்தக் கடையில் வேலை பார்த்த என் மாமா உருவிக்கொண்டு வந்து தந்தார். யார் எழுதினார்கள், என்ன பெயர், இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஓர் அக்காவும் தம்பியும் யானை பிடிக்கிறவர்களோடு காட்டுக்குள் போய் வழி தவறிவிடுவார்கள். அதுதான் கதை. ஒவ்வோர் ஆபத்திலும் அவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்துவிடும். இருட்டில் திண்டாடினால் நட்சத்திரத்தை வைத்துத் திசை கண்டுபிடிப்பார்கள். பள்ளத்தில் விழுந்தால், அங்கே கிடக்கும் கூழாங்கல்லைப் பார்த்து ஒரு காலத்தில் ஆறு ஓடிய இடம் அது என்பார்கள். அம்மாடி! தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது எனக்குப் பசி தெரியாது, குளிர் தெரியாது, அம்மா கூப்பிடுவதும் கேட்காது.

ஒரு நாள் வெள்ளத்துக்குப் பயந்து இருவரும் ஓர் உயரமான மரத்தில் ஏறிக்கொள்வார்கள். விடிந்து பார்த்தால் அக்காவின் மடியில் ஒரு பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கொத்து. “தம்பி, நாம் ஏறியிருப்பது தேயிலை மரம்!” என்பாள். வெட்டாமல் விட்டால் தேயிலை கூரைக்கு மேலே வளருமாம். இதை நான் உரக்கப் படித்ததுதான் வினையாகப் போயிற்று.

என் அப்பா கவ்வாத்துக்காரர். சில வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தேயில மரமாம்ல! மீச மொளைக்கிறதுக்கு முந்தி கத்தியப் பிடிச்சவன் நான். இடுப்புக்கு மேல நிக்கிற தேயிலைய ஒரு நாளும் பாத்ததில்ல. இந்தப் பொய்யப் படிக்கத்தான் பள்ளிக்கூடமா?”

“நீங்க வளர விட்டாத்தானப்பா பாக்குறதுக்கு!” என்றேன். வாய்க்கொழுப்பு எனக்குக் கொஞ்சமா நஞ்சமா!

அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதை நான் முடித்துவிட்டேன். மேலே படிக்க மாமா வீட்டில் தங்கி அட்டனுக்குப் போக வேண்டும். அம்மாவுக்குச் சம்மதம், அப்பாவுக்கு இல்லை. கொழுந்து பறிக்க என் பெயரைப் பதிந்துவிடக் கங்காணி வேறு காத்திருந்தார்.

“அப்படி ஒரு மரத்தக் கண்ணுல காட்டு, ஒன்ன அட்டனுக்கு அனுப்புறேன். இல்லாட்டி இந்தக் கவ்வாத்து முடிஞ்சதும் பேரு பதியணும். பேச்சு மாற மாட்டேன்,” என்றார்.

மரத்துக்கு நான் எங்கே போவேன்? புத்தகத்தில் இருந்த காடு எந்தத் தேசமோ! போர்வைக்குள் முகத்தை வைத்து அழுது தீர்த்தேன்.

கவ்வாத்து தொடங்கும் முன்னால் சாமி கும்பிடுவார்கள். எங்கள் மலையின் உச்சியில், காட்டோரம், பாசி ஏறிக் கறுத்த ஒரு பெரிய மரம். அடியில் சூலமும் மஞ்சள் பூசிய கல்லும். கத்திகளை அங்கே வைத்துத்தான் பூசை. முனி குடியிருக்கும் மரம் என்று ஒரு சுள்ளிகூட யாரும் பொறுக்க மாட்டார்கள். போகிறவர்கள் குனிந்த தலையோடு போய், குனிந்த தலையோடு வருவார்கள். நானும் அப்படித்தான்.

அந்த வருஷமும் அப்பா கத்தியை வைத்து விழுந்து கும்பிட்டார். திருநீறு வாங்க நான் நீட்டிய கையில் ஒரு பூ விழுந்தது. வெள்ளை இதழ். நடுவில் மஞ்சள்.

அக்காவின் மடியில் விழுந்த அதே பூ! முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தேன். ஐயோ, என்ன சொல்ல! கிளைக்கு மேல் கிளையாகப் பனிமூட்டத்துக்குள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. எங்கே பார்த்தாலும் அந்தப் பூ. எந்தக் கையும் எட்டாத உயரத்தில் கொழுந்து துளிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. பழைய துரைமார் விதைக்காக வெட்டாமல் விட்ட மரம் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. அப்படியொரு ஆச்சரியம்.

“அப்பா, இது தேயிலப்பா!”

“சாமி மரத்தப் போயி என்ன பேச்சு பேசுது பாருங்க!” என்று கங்காணி பதறினார். அப்பா அறைவதற்குக் கையை ஓங்கிவிட்டார். நான் பூவை நீட்டினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

தாழ்ந்திருந்த ஒரு கிளையை அவர் மெல்ல இழுத்தார். பறிக்கவில்லை, இலையின் ஓரத்தை விரலால் தடவினார். நுனியில் இரண்டு இலை, ஒரு மொட்டு. கிளையை விட்டுவிட்டு அண்ணாந்தார். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. அப்பா எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“தேயிலைய வெட்டப் போறதுக்குத் தேயிலகிட்டயேதான் வந்து கும்பிட்டோமா…” என்றார்.

கங்காணிக்கு நேரமாகிவிட்டது. “சரி சரி, கத்திய எடுங்கப்பா. கவ்வாத்து முடியட்டும், புள்ள பேரப் பதிஞ்சிருவோம், என்ன?”

அப்பா தலையை இறக்கவே இல்லை.

“வேணாங்க. இது படிக்கட்டுங்க. எம்புட்டு ஒசரம் போகும்னு நமக்கு என்னங்க தெரியும்?”