நான் எடுக்காத போட்டோ

பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில், மூட்டை தைக்கும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். என்னிடம் வேலை பார்த்தவர்களில் ஒருத்தி எங்கள் தெருக்காரி. அவளுக்கு ஐந்து மாதமாகி வயிறு தெரியத் தொடங்கிய வாரம், மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து வர வேணாம்மா. தவிட்டுத் தூசி உனக்கு ஆகாது."

அக்கறையாகத்தான் சொன்னார். குழந்தை பிறந்த பிறகு வரலாமா என்று அவள் கேட்டதற்கு, "அப்ப பாத்துக்கலாம்" என்று போனை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவளைத் தஞ்சாவூருக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"மாசமா இருக்கிற பொண்ணை அதுக்காக நிறுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கும்மா. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்ல. அந்தக் காலத்துல பஞ்சாலையில வயித்துப் புள்ளையோட நின்னு வேலை பாத்த பொம்பளைங்க, வேலை போனாலும் போகட்டும்னு போராடி வாங்குனது."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப எனக்கும் உண்டுங்களா?"

"உண்டு. ஆனா அங்க வேலை பாத்தேன்னு காட்டணும். வேலைக்குச் சேர்ந்தப்ப ஆர்டர் ஏதும் கொடுத்தாங்களா?"

எங்கள் ஆலையில் யாருக்கும் கொடுப்பதில்லை. அவள் பெயர் இருந்தது ஒரே இடத்தில்தான்: என் மேசையில் இருந்த அட்டெண்டன்ஸ் நோட்டில், என் கையெழுத்தில்.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அந்த நோட்டை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

"தர்றேன்" என்றேன்.

தரவில்லை. என் கணவர் அதே ஆலையில்தான் லாரி ஓட்டுகிறார். இரண்டு நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தேன். தலைக்கு மேலே கேமரா இருந்தது. மூன்றாம் நாள் மேனேஜர் புது நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இருந்தும் அவள் மனு கொடுத்தாள். அப்படியொரு பெண் வேலை பார்த்ததே இல்லை என்று விசாரணையில் ஆலைத் தரப்பில் சொன்னார்கள். சாட்சி சொல்ல யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. ஆதாரம் இல்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தெருவில் பார்த்தபோது, "அண்ணன் வேலையும் முக்கியம்தானேக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். அவள் செய்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வேலை கேட்டு வரும் பெண்களிடம், கல்யாணமாகிவிட்டதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். விசாரிக்கிறேன். போன வாரம் வந்தவள், ஆகவில்லை என்றாள். துப்பட்டாவின் ஓரத்தில் தாலிக்கயிறு தெரிந்தது. ஆகவில்லை என்றே எழுதிக்கொண்டேன்.