கடைசியில் உடைகிற சத்தம்

அந்தப் படம் மொத்தம் இருபத்தொரு நிமிடம். வவுனியா ரவுணில் இருக்கிற பெடியன்கள் சேர்ந்து எடுத்தது. வகுப்பில் எல்லாரும் பகிடி பண்ணுகிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, கடைசியில் நிமிர்ந்து நடக்கத் தொடங்குகிற கதை. என் போனில் வைத்திருக்கிறேன். எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் என் முகம் வராது. எங்கள் மாடுகள் வரும். ஒரு இடத்தில் என் குரல் வரும்.

படத்துக்கு மாடு கேட்டு அவர்கள் வந்தபோது அப்பா செத்து நாலு மாதம். சிறுநீரகம் பழுதாகி, ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து போய்ச் சேர்ந்தார். எங்கள் வீடு பூவரசங்குளம் பக்கம். எங்களுக்கு வயல் இல்லை, மாட்டுப்பட்டிதான். காலையில் அப்பா கூப்பிட்டபடி முன்னால் நடப்பார், மாடுகள் பின்னால் காட்டுப்பக்கம் போகும். பின்னேரம் குளக்கட்டில் ஏறி நின்று கூப்பிடுவார். பற்றைக்குள் நின்றதெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்.

எனக்கு அவை வரவில்லை. பின்னேரம் முழுக்கக் காட்டுக்குள் அலைந்து ஒவ்வொன்றாகத் துரத்திச் சாய்த்துக்கொண்டு வருவேன். எப்படியும் மூன்று நாலு விடுபட்டுப்போகும். அவை யாருடைய தோட்டத்துக்குள்ளாவது இறங்கும், காலையில் சண்டைக்கு ஆள் வரும். காலபோக நெல் விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. விதைத்த வயலுக்குள் மாடு இறங்கினால் சண்டையோடு நிற்காது. அம்மாவின் தம்பி, மாமா, வந்து தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“கொப்பற்றை குரலுக்குப் பழகினதுகள் பிள்ளை. உன்னட்டை வராதுகள். விதைப்புக்கு முதல் குடுத்திடுவம்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் அது சம்மதம்தான்.

எனக்கு விற்க மனமில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், வேறு தொழில் தெரியாது. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அப்போது யாருக்கும் சொல்லவில்லை. பட்டிக்குள் போனால் அப்பாவின் சாரத்தில் இருந்த மணம் அப்படியே இருந்தது. வீட்டில் அது போய்விட்டது, அம்மா எல்லாவற்றையும் தோய்த்துவிட்டார். பட்டியையும் கொடுத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

அப்பாவின் கூப்பாட்டைச் சொல்லவேண்டும். வயிற்றிலிருந்து “ஹோ” என்று நீளமாகத் தொடங்கும். பிறகு “பா, பா” என்று இரண்டு வெட்டு. கடைசியில் குரல் உடைந்து “ஹ்ஹீய்” என்று மேலே போகும். கூவிப் பழகுகிற சேவல் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தை நான் விட்டதே அந்தச் சத்தத்தால்தான். காலையில் பட்டி பள்ளிக்கூட வீதியால்தான் போகும், கூப்பாடு வகுப்புக்குள் கேட்கும். அதன் பிறகு நான் வாசிக்க எழும்பினால் பின்னாலிருந்து அதே சத்தம் வரும். எல்லாப் பெடியன்களும் செய்வார்கள். ஒருத்தன் மட்டும் அச்சாகச் செய்வான். ஒருநாள் ரீச்சரே அப்பா வந்துவிட்டாரென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிறகு நான் எழும்பி நின்றதே இல்லை, பதில் தெரிந்தாலும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன்.

“பள்ளிக்கூடப் பக்கம் கூப்பிடாதேங்கோ அப்பா. எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

அப்பா “ஓம்” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அந்த வீதி முடியும்வரை வாய் திறக்கமாட்டார். கூப்பிடாவிட்டால் முன்னால் நடக்கமுடியாதே. தடியோடு பின்னால் வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடி ஓடிச் சாய்ப்பார். யன்னலால் பார்த்திருக்கிறேன். அவர் செத்த பிறகு எனக்கு அதிகம் நினைவுக்கு வந்தது அந்த ஓட்டம்தான். சாப்பிட உட்கார்ந்தால் வரும்.

அப்பா போன பிறகு நானும் குளக்கட்டில் ஏறிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஹோ, பா, பா. அதோடு நிறுத்திவிடுவேன். கடைசித் துண்டுக்கு என் வாய் போகாது. அது தேவையில்லாத பகிடி என்றே நினைத்திருந்தேன்.

படக்காரர் ஆறு பேர் வந்தார்கள். டிரெக்டர் ஒரு மெல்லிய அண்ணா, மரியாதையாகக் கதைத்தார். நடிக்கிற பிள்ளை நெளுக்குளத்தில் இருந்து வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தாள். கடைசிக் காட்சி எங்கள் குளக்கட்டில். பயந்து பயந்து திரிந்த பிள்ளை கட்டில் ஏறி நின்று கூப்பிடுவாள், பட்டி முழுக்க வரும், பகிடி பண்ணின பெடியன்களுக்கு நடுவால் மாடுகளோடு நடந்து போவாள். நான் சரியென்று சொல்லிவிட்டேன். மாடு வராது என்று சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவார்கள் என்று பயம்.

பகிடி பண்ணுகிற பெடியனாக நடிக்க வந்தவனைப் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அச்சாகச் செய்தவன் அவன்தான். இப்போது ரவுணில் போன் கடையில் வேலை. தாடி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் அந்தப் பிள்ளை கூப்பிட்டாள். கலியாண வீட்டுக்கு ஆட்களை அழைக்கிற மாதிரி “வாங்கோ, வாங்கோ” என்றாள். ஒரு மாடு அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேய்ந்தது. எல்லாரும் சிரித்தோம், நானும்தான். டிரெக்டர் என்னைக் கூப்பிடச் சொன்னார், குரலைப் பிறகு சேர்க்கலாமாம். நான் கூப்பிட்டேன். ஒன்றும் அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பழகின மாடுகள்தானே என்று அவர் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், அவை அப்பாவுக்குத்தான் வரும், அப்பா இல்லை என்று.

தாடிக்காரன் முன்னால் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“நான் ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கட்டோ?”

கூப்பிட்டான். அது அப்பா. அந்த வயிற்றுத் தொடக்கம், அந்த இரண்டு வெட்டு, கடைசியில் அந்த உடைவு. நான் குளக்கட்டுப் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேடினேன். கொம்பு முறிந்த வெள்ளைப் பசு முதலில் தலையைத் தூக்கியது. பிறகு பற்றைகள் எல்லாம் அசைந்தன. பட்டி ஓடியே வந்தது. கமராக்காரர் கமராவைத் தூக்கிக்கொண்டு கட்டால் கீழே குதித்தார். நான் புல்லில் குந்தியிருந்து அழுதேன். மாடு இடித்துவிட்டதாக நினைத்து நெளுக்குளத்துப் பிள்ளை தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள்.

கமராக்காரர் குதித்ததில் ஒன்றும் படம் பிடிபடவில்லை. இன்னொரு தரம் செய்யவேண்டும். மாடுகளைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது நான் அவனிடம் போனேன்.

“கடைசியை எப்பிடிச் செய்யிறனீர்?”

“தொண்டையை அப்பிடியே விட்டிடவேணும். வெக்கப்பட்டா வராது. உம்மடை அப்பாதான் சொன்னவர்.”

நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நடந்ததாம். ஒருநாள் வீதியில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இவன் கூப்பிட்டிருக்கிறான். அப்பா தடியோடு திரும்பியிருக்கிறார். அடிக்கப்போகிறார் என்று மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அப்பா சிரித்தாராம். முன்பாதி சரி, பின்பாதி பிழை, இப்படிக் கூப்பிட்டால் மாடு திரும்பிக்கூடப் பார்க்காது என்று சொல்லி, அந்த நடுவீதியிலேயே மூன்று தரம் செய்விச்சாராம்.

“கோவிக்கேல்லையோ?”

“இல்லை. சிரிச்சவர்.”

“உண்மையாவோ?”

“உண்மையா. வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சவர்.” பிறகு சொன்னான்: “நான் உம்மோடை செய்தது பிழை.”

“ஓம், பிழைதான்” என்றேன். அதற்கு மேல் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு நான் குளக்கட்டில் ஏறினேன். ஹோ, பா, பா. தொண்டையை விட்டேன். கோழியைக் கழுத்தில் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. படக்காரர் எல்லாரும் சிரித்தார்கள். மாடுகள் தலையைத் தூக்கின. வெள்ளைப் பசு பாதி தூரம் வந்து நின்று, அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு என்னிடம் வந்தது. மற்றவை அதன் பின்னால். படத்தில் வருவது அந்தக் கூப்பாடுதான்.

படத்தில் இன்னொரு இடத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூட மேடையில் ஏறி நீளமாகப் பேசுகிறாள், பெடியன்கள் எல்லாரும் தலை குனிகிறார்கள். பார்க்க நல்லாக இருக்கிறது. என்னைப் பகிடி பண்ணினவன் தலை குனிந்தது கொஞ்ச நேரம்தான். பிறகு எனக்கு மாடு கூப்பிடச் சொல்லித் தந்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

படம் வெளிவர முதலே மாமா வியாபாரி ஒருவரோடு வந்தார். பின்னேரம்வரை பொறுங்கோ என்று இரண்டு பேரையும் முற்றத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டுக் குளக்கட்டுக்குப் போனேன். கூப்பிட்டேன். பட்டி முற்றத்தால் வந்தபோது மாமா கால் இரண்டையும் கதிரைக்கு மேல் தூக்கவேண்டி வந்தது. ஒன்றும் விடுபடவில்லை. அம்மா அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா காலைக் கீழே வைக்க முதல் வியாபாரியைப் பார்த்தார்.

“இந்தமுறை விடுவம் அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அம்மா உள்ளே போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். நான் பட்டி வாசலின் குறுக்குத் தடியை இழுத்து மூடினேன்.