கன்னியம்மா கடையின் நீல நெருப்பு

"பயனாளி: கன்னியம்மா. தொழில்: விவசாயம். கால்நடை: நான்கு. பயன்: சாண எரிவாயு மூலம் புகையற்ற சமையலறை."

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பை ஒட்டிய ஒரு சுவரில் 1987-இல் அரசு எழுதிவைத்தது இது. கன்னியம்மா விவசாயம் செய்து யாரும் பார்த்ததில்லை. அவர் இட்லிக்கடை வைத்திருந்தார். கால்நடை, ஒரே ஒரு எருமை. மற்ற மூன்றும் பக்கத்துக் காலி மனைகளில் மேய்ந்தவை. கணக்கெடுக்க வந்த நேரத்தில் அங்கே நின்ற புண்ணியம்.

புகை மட்டும் நிஜம். வருஷக்கணக்காகச் சவுக்கு விறகை ஊதி மார்பு கட்டிப்போயிருந்தது. சானடோரியம் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி டாக்டர், "இன்னும் புகையில நின்னா நான் குடுக்கிற மருந்து வேஸ்ட்மா" என்று சொல்லிவிட்டார். அடுப்பை விட்டால் சோறு இல்லை, விடாவிட்டால் மூச்சு இல்லை. அப்போதுதான் அலுவலர் சாம்பசிவன் சாண எரிவாயுத் தொட்டி கட்டும் மானியத்தோடு வந்து சேர்ந்தார்.

ஒற்றை எருமை போடும் சாணம் தொட்டிக்குப் போதவில்லை. அதற்கும் சாம்பசிவன் வழி வைத்திருந்தார்: கழிவறை கட்டி, குழாயைத் தொட்டியில் சேர்த்துவிட்டால் கூடுதல் மானியம்.

"எல்லாம் ஒரே கேஸ்தாம்மா. சயின்ஸுக்கு நாத்தம் கிடையாது."

அதுவரை கழிவறையே இல்லாத வீடு. கன்னியம்மா சரி என்றார். அடுப்பு நீலமாக எரிந்தது, நாற்றமில்லை, கரியில்லை. சில மாதங்களில் இருமல் அடங்கியது. இட்லி முன்னைவிட வெள்ளை என்றார்கள் வாடிக்கைக்காரர்கள். சாணத்தில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, வாசலில் தெளிப்பதுதானே. குழாய் விஷயத்தை அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, வியாபார நேரத்தில், பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒரு படக்காரரோடு சாம்பசிவன் ஜீப்பில் வந்தார். அடுப்பருகே நின்று விஞ்ஞானத்தைப் புகழ்ந்தார். கன்னியம்மா இலையில் நாலு இட்லி வைத்து நீட்டினார். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"வேணாம்மா. இன்னிக்கு விரதம்."

"இன்னா சார் விரதம்? வர்ற வழியில ஆம்லெட் துன்னீங்களே" என்றார் ஜீப் ஓட்டிவந்த சேட்டு, வெள்ளந்தியாகவோ அப்படி இல்லாமலோ.

லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் எலியேசர் வாயிலிருந்த இட்லியை மெல்லாமல் நிறுத்தினார். "அப்போ இதுல இன்னா கீது சார்?"

சாம்பசிவன் படக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். சேட்டுதான் சொன்னார்: "சாணி மட்டும் இல்லப்பா. கக்கூஸ் குழாயும் அந்தத் தொட்டிக்குத்தான் போவுது."

எலியேசர் துப்பினார். "யக்கா, உன்ன நம்பித்தானே துன்னுகினு இருந்தோம்!"

"எரியறது நெருப்புடா. நெருப்ப எடுத்தா உன் இட்லில வச்சேன்?"

"அதெல்லாம் பேஜாருக்கா. மூளை ஒத்துக்கும், வயிறு ஒத்துக்காது."

அந்த வாரமே கடை காலி. வேறெதிலும் ஒத்துப்போகாத மூன்று மதத்தாரும் இதில் ஒருமனதாக இருந்தார்கள். சாம்பசிவன் படம் பத்திரிகையில் வந்தது. நீட்டிய இலையும் நன்றாகத் தெரிந்தது. மாவு புளித்து வழிந்தது. கன்னியம்மா அதை எருமைக்குத்தான் ஊற்றினார்.

கடைசியில் எலியேசரே தூது வந்தார். "வெறகு எரிச்சீனா நாளைக்கே வர்றோம்கா. ஆனா பொகைய நாங்க கண்ணால பாக்கணும்."

"டாக்டர் இன்னா சொன்னாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்கா" என்றார் எலியேசர். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அலுவலகக் கணக்கில் அந்த எரிவாயு அடுப்பு பல வருஷம் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

எலியேசர் வந்துபோன மறுநாளே கன்னியம்மா எரிவாயுக் குழாயை மூடினார். விறகடுப்பை எல்லாருக்கும் தெரியும்படி கடைவாசலில் போட்டார். சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை, ஏழு வருஷம், அந்தப் புகையில் நின்று இட்லி அவித்து விற்றார்.