சபை மணி அடிக்காத சாவு

ஹட்டனில் சனிக்கிழமைதோறும் சபை வரலாறும் சீர்திருத்த இறையியலும் நடத்துகிறேன். தோட்டத்துப் போதகர்களும் சாதாரண விசுவாசிகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். போதகர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதே இல்லை.

போன மழைக்காலத்தில் ஞானஸ்நானம் பற்றிய பாடம். சாகக் கிடக்கும் குழந்தைக்கு மருத்துவச்சி அவசரமாகத் தண்ணீர் தெளிக்கும் பழைய வழக்கத்தைச் சீர்திருத்தக்காரர்கள் ஏன் மறுத்தார்கள் என்று விளக்கினேன். தண்ணீர் படாமல் இறந்தாலும் விசுவாசியின் பிள்ளை கடவுளின் உடன்படிக்கைக்குள்தான் இருக்கிறது. பயந்துபோய் யாரும் தெளிக்க வேண்டாம், அது போதகரின் வேலை என்றேன். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் போதகர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஒருவர், அதைத் திரும்பவும் கேட்டுத் தெளிந்துகொண்டார். அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம். பக்கத்தில் அவருடைய போதகர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறந்த சில நாளிலேயே குழந்தைக்கு மூச்சுத் திணறியது. மண் சரிந்து பாதை அடைபட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, போதகராலும் வர முடியவில்லை. மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாராம். "வேணாம், ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று உபதேசியார் தடுத்திருக்கிறார். மத்தியானத்துக்குள் பிள்ளை போய்விட்டது.

மறுநாள் பாதை திறந்ததும் போதகரோடு நானும் போனேன். அந்தத் தோட்டத்தில் சபையார் யாராவது இறந்தால் ஆலய மணியை நிறுத்தி நிறுத்தி அடிப்பார்கள். அது கேட்டால்தான் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களை அடக்கத்துக்கு இறங்க விடுவார். போதகரோ ஆலயச் சாவியைப் பையைவிட்டு எடுக்கவே இல்லை.

"ஞானஸ்நானம் வாங்காத புள்ளைக்கு மணி அடிக்கிற வழக்கம் இல்லைங்க."

"வகுப்புல தலையாட்டுனீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"வகுப்பு வேற, சபை வேறங்க. கமிட்டிக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. குழியருகே நானே ஜெபித்தேன். ஆறேழு பேர்தான் நின்றோம். மேலே மழையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தெரிந்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

உபதேசியாரின் லயத்து வீட்டுக்குத் திரும்பினோம். படுத்திருந்த தாய் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, எம்புள்ள ஆண்டவர்கிட்டதான் இருக்குன்னு நீங்க படிச்சுக் குடுத்தது நெசந்தானுங்களா?"

"நிஜந்தாம்மா." இன்றும் அதை நம்புகிறேன்.

"அப்பறம் ஏங்க மணி அடிக்கல? தண்ணி செம்புலதான் இருந்துச்சு."

உபதேசியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. போதகர் வந்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்ததும் தலையாட்டினார்.