ஆறாம் நம்பருக்குப் பத்தாவது இடம்

தண்டாயுதபாணி கிடாரைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவனாக நிறுத்தவில்லை, நான் நிறுத்தினேன். இதை எழுதிவிட்டால் என் பாவம் கரைந்துவிடாது என்று தெரியும். ஆனாலும் அவனைப் பற்றி யாராவது ஒருத்தர் எழுதிவைக்க வேண்டும். அதற்கு யோக்கியதை இல்லாதவன்தான் கிடைத்திருக்கிறேன்.

ஜேடர்பாளையத்துக்காரன். படிப்பு முடிந்ததும் முடியாததுமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறி மேகாலயா போய்ச் சேர்ந்தான். அங்கே மழை பிடித்தால் மாசக்கணக்கில் விடாது, வண்டி நின்றுவிடும். கூட வந்தவர்கள் சீட்டாடினார்கள். இவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் கிடார் கற்றுக்கொண்டான். அவர் ஜாஸ் பைத்தியம். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கலைத்து, அந்த நிமிஷத்தில் தோன்றுகிறபடி புதிதாகக் கட்டிக்கொண்டே போகிற அமெரிக்க இசை அது. ஆறு மழைக்காலத்தில் பைத்தியம் இவனுக்கும் தொற்றிக்கொண்டது.

ஏழாம் வருடம் இரும்புக் குழாய் நழுவி இடது கை மோதிர விரல் நசுங்கியது. எலும்பு கூடியது, விரல் மடங்கவில்லை. ஊர் திரும்பி, கல்யாணம் கட்டி, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ரிக் கம்ப்ரசர் பழுது பார்க்கும் பட்டறை போட்டான். வாசிப்பை விடவில்லை. மோதிர விரல் போக வேண்டிய இடத்துக்கு நடுவிரலைச் சறுக்கிக் கொண்டுபோய் நிறுத்துவான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். சுரம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். வந்து சேர்ந்ததும், இதற்காக இன்னும் கொஞ்ச நேரம்கூடக் காத்திருக்கலாமே என்று தோன்றும்.

நான் குணசீலன். சேலத்தில் ஜவ்வரிசி வாங்கி வடக்கே அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறேன். மில்காரர்கள் அனுப்பும் மாதிரிப் பொட்டலத்தில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். வெள்ளை எப்படி, உருட்டு எப்படி, வாயில் போட்டால் புளிப்பு தட்டுகிறதா என்று பார்த்து இடம் போடுவேன். பெயர் இல்லாவிட்டால் என்ன? இத்தனை வருடத்தில் எது யார் மில் சரக்கு என்று மூக்கே சொல்லிவிடும்.

இங்கேதான் என் பெருமையும் என் நோயும் இருக்கிறது. என் மச்சான் காளியண்ணனுக்கு ராசிபுரம் பக்கம் மில். அவர் பொட்டலம் என்று தெரிந்தால் ஒரு படி இறக்கித்தான் போடுவேன். முதல் தரம் இரண்டாம் தரமாகும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், நான் காக்கையிலும் சேர்த்தி இல்லை. மச்சான் இரண்டு வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மனைவி கந்தம்மாள் அழுதாள். ஆனால் பஜாரில், "குணசீலன் சொந்தம் பந்தம் பார்க்க மாட்டான், அவன் வாயில பொய் வராது" என்று பேச்சு பரவியது. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. முதல் தரச் சரக்கை இரண்டாம் தரம் என்று சொல்வதும் பொய்தான் என்று அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் விட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது கடைவாய்ப் பல். அழகாபுரத்தில் தீனதயாளன் என்று ஒரு பல் டாக்டர். அவருடைய ஆஸ்பத்திரியில் எந்நேரமும் ஜாஸ் கிடார் பாடும். பல்வலியோடு போன நான் பாட்டுக்காகவும் போக ஆரம்பித்தேன், அங்கே தண்டாயுதபாணி எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்பது எங்கள் மூன்று பேருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. ஒருவர் பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்துகொள்ள, மற்ற இருவரும் ஸ்டூலில்.

பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஜாஸ் கிடாரில் யார் முதல், யார் இரண்டு, யார் மூன்று. பத்துப் பேர் பட்டியல் மருந்து அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. அடித்து அடித்துத் திருத்தியதில் தாளே கிழிந்து மூன்று முறை மாற்றினோம். கட்டைவிரலால் மீட்டிய வெஸ் மாண்ட்கோமரிதான் டாக்டருக்கு முதல். குறைவாக வாசித்து நிறையச் சொல்லும் ஜிம் ஹால் எனக்கு. தண்டாயுதத்துக்கு எப்போதும் ஜாங்கோ ரெயின்ஹார்ட்தான். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த மனுஷர்.

"ரெண்டு வெரல்ல அத்தனை வேலை பண்ணியிருக்காருங்கண்ணா. பத்து வெரல்காரங்களை அவருக்கு மேல எப்படீங்க வைக்கிறது?"

"விரலுக்காக இரக்கப்பட்டு இடம் போடக் கூடாதப்பா. காதுக்கு விரல் தெரியாது" என்பேன் நான்.

அவன் சிரிப்பான். நான் சொன்னது சரியான வாதம்தான். அவனிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் என்னை மடக்கினார். "அண்ணா, பேரைக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் இடம் போடறோம். உங்க ஜவ்வரிசி மாதிரியே செஞ்சு பாத்தர்லாமா? பத்துப் பதிவு, பேர் கிடையாது, நம்பர்தான். எல்லாம் தனிக் கிடார். நீங்க வரிசை சொல்லுங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல நாங்க பேச மாட்டோம்."

தரம் பார்க்கிறவனை இதைவிட இனிப்பாகக் கூப்பிட முடியுமா? பல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொன்றும் இரண்டு தடவை ஓடியது. முதல் ஐந்தும் யார் யாரென்று பிடிபடவில்லை, அதிகம் புழங்காத பதிவுகள். ஆறாம் நம்பர் ஆரம்பித்தது. மெதுவான மெட்டு. நாலாவது அடியில் ஒரு சுரம் சறுக்கிக்கொண்டு தாமதமாக வந்து உட்கார்ந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது தண்டாயுதம். டாக்டர் விளையாட்டாக இவனையும் நுழைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை ஓடும்போது கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. அத்தனை நன்றாக இருந்தது. பத்தையும் கேட்டு முடித்தபோது என் மனசு போட்ட இடம் மூன்று. சந்தேகமே இல்லை.

பேப்பரில் எழுதும்போதுதான் பழைய நோய் கையைப் பிடித்தது. மூன்று என்று எழுதிவிட்டு, பிறகு டாக்டர் பெயரைச் சொன்னால்? கண்டுபிடித்துத் தூக்கிவிட்டார் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சரி, வழக்கம்போல் ஒரு படி இறக்கி நாலு போடலாமா? அதுவும் போதாது என்று தோன்றியது. மற்ற ஒன்பது பேரும் உலகம் அறிந்தவர்கள். கம்ப்ரசர் பட்டறைக்காரன் ஒருத்தனை அவர்கள் நடுவில் உட்காரவைத்தால் என் காதைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நம்மூர்க்காரன் என்பதற்காகவே அவனைக் கடைசியில் தள்ளினேன். பத்து என்று எழுதினேன். அதோடு விட்டேனா?

"ஆறாம் நம்பர் வாசிப்பே இல்லீங்க டாக்டர். யாரோ ஆசைக்குப் பழகறாங்க" என்றும் சொன்னேன்.

டாக்டர் திரும்பி ஸ்பீக்கரை அணைத்தார். தண்டாயுதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன், "சரியாத்தான் சொல்லியிருக்கீங்கண்ணா" என்றான். பெயர்களைப் பிறகு சொல்வதாக டாக்டர் சொன்னார். அன்றைக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பட்டறையில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு டாக்டர் உடைத்தார். மேகாலயா வீட்டுக்காரரின் மகன் இப்போது பெங்களூரில் ஒரு ஜாஸ் குழு வைத்திருக்கிறார். குழுவில் வந்து வாசிக்கும்படி தண்டாயுதத்தைக் கூப்பிட்டிருக்கிறார், மாதம் இரண்டு மேடை. இவனுக்கு ஆசை, அதைவிடப் பெரிய பயம். 'குணசீலண்ணன் காதுக்கு என்னுது மொத ஏழுக்குள்ள வந்தா போறேனுங்க, இல்லீன்னா இந்த ஆசையை மூட்டை கட்டிடறேன்' என்று டாக்டரிடம் சொல்லி, பதிவைக் கொடுத்தது அவனேதான். என் தீர்ப்புக்கு மறுநாள் பெங்களூருக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, கிடாரை உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டான்.

"தெரியாமத்தானே போட்டீங்க, விடுங்கண்ணா. உங்க மேல என்ன தப்பு?" என்று டாக்டர் என்னையே தேற்றினார்.

தெரிந்துதான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தேறுதலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. கந்தம்மாள் பல்வலியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அடுத்த நாளே அவனிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இரண்டு வருடம் தள்ளினேன். வழியில் பார்த்தால் அவன் வண்டியை நிறுத்தி, "சௌக்கியமாங்கண்ணா?" என்பான். அந்த மரியாதைக்குப் பதில் அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

போன மாதம் ஒரு பகல் வேளையில் துணிந்து பட்டறைக்குப் போனேன். ஒரு கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினான். டீ வரும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"தண்டாயுதம், அன்னிக்கு ஆறாம் நம்பர் நீதான்னு எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சேதான் பத்து போட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியுமுங்கண்ணா. பாட்டு ஓடறப்ப உங்க காலு தாளம் போட்டுட்டே இருக்கும். ஆறாவது வந்ததும் டக்குனு நின்னுபோச்சு. கண்டுபிடிச்சிட்டீங்கன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேனுங்க."

"தெரிஞ்சுமா என்கூடப் பேசிட்டிருக்கே?"

"அதனாலதானுங்க நம்புனேன். தெரியாம பத்து போட்டிருந்தா, அண்ணன் காது அன்னிக்குச் சரியில்லைன்னு பெங்களூருக்குப் போயிருப்பேனுங்க. நான்னு தெரிஞ்சும், மனசுல பாசம் இருந்தும், பத்துன்னு போட்டீங்க பாருங்க. அதுக்கு மேல ஒரு சாட்சி வேணுங்களா? சொந்த மச்சானுக்கே விட்டுக்கொடுக்காத மனுசன் நீங்க."

எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்லப்பா, அது பொய். என் பேருக்குப் பயந்து போட்ட பொய். மச்சானுக்குப் போட்டதும் பொய்தான். உன்னுது மூணாவது. சத்தியமா மூணாவது இடம்ப்பா" என்றேன். பேசும்போதே அழுதுவிட்டேன். அறுபதை எட்டப்போகிற கிழவன், நடுப்பகலில், பட்டறையில் நின்று அழுதேன்.

அவன் என்னை உட்காரவைத்தான். மடங்காத விரலோடு இருந்த அந்தக் கையால் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"நீங்க பொய் சொல்லி நான் கேட்டதே இல்லீங்கண்ணா, இன்னிக்குத்தான் மொத தடவை. எனக்காகச் சொல்றீங்க. அது போதுமுங்க, மனசு நெறைஞ்சு போச்சு."

டீ வந்தது. அவன் இரண்டு டம்ளரையும் வாங்கி, சூடு பார்த்து, ஒன்றை என் கையில் கொடுத்தான். அதன்பிறகு நான் எத்தனை சத்தியம் செய்திருந்தாலும் அவனுக்கு அது இரண்டாவது பொய்யாகத்தான் இருந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.