அக்கா எனக்காகப் போட்டு வைத்த பெர்த்

அக்கா பிறந்தது உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். ஒரு முந்திரிக் கொல்லையை நம்பியிருந்த குடும்பம் எங்களுடையது. அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்கு இருபது. தேர்வு எழுதி ஜெயங்கொண்டத்தில் தபால் அலுவலக வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் பாலிடெக்னிக் படிக்கவைத்து, சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றிவிட்ட பிறகுதான் தன் திருமணத்துக்குச் சம்மதித்தார். இதெல்லாம் உறவினர்களாகிய நீங்கள் அறிந்ததுதான். நீங்கள் அறியாத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எனக்குப் பெருமை தருகிற செய்தி அல்ல.

அக்காவுக்கு ஊர் பார்ப்பதில் தீராத ஆசை. வேலையில் இருந்தபோது வந்த கடிதங்களின் முத்திரையில் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு, "இது எந்தப் பக்கம்?" என்று வரைபடத்தில் தேடுவாராம். அரசு கொடுத்த பயணச் சலுகையும் உள்நாட்டுக்கு மட்டும்தான். அது போதும் என்று கணவரை, எங்கள் மாமாவை, அழைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு ஊர் போய்வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கையில் புளிச்சோற்றுப் பொட்டலம், பையில் ஸ்வெட்டர், மொழி தெரியாத ஊரில் பேச ஒரு சிரிப்பு. இவ்வளவுதான் அக்காவின் ஏற்பாடு.

நானோ டிசம்பர் விடுமுறை வந்தால் ஜப்பான், ஆஸ்திரேலியா என்று குடும்பத்தோடு பறந்துகொண்டிருந்தேன். ஊருக்கு வந்தால் இரண்டு நாள் தங்குவேன். ஒருமுறை அக்காவைக் கேட்காமலே இருவருக்கும் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். போனில் மறுத்துவிட்டார்.

"உலகமே எங்கேயோ போயிடுச்சு. நீ இன்னும் ரயில்லயே சுத்திக்கிட்டு இருக்கியேக்கா" என்றேன்.

"உங்க ஊரு அரைநாள்ல முடிஞ்சுடுது தம்பி. லீவு வுட்டா நீ வேற நாட்டுக்குத்தான் போவணும். இங்க ரெண்டு நாளு ரயில்ல போனாலும் நம்ம நாடு முடிய மாட்டேங்குது. பனி வேணும்னாலும் இருக்கு, மணல்காடு வேணும்னாலும் இருக்கு. இதை முடிச்சுட்டு உன் ஊருக்கு வரேன்டா."

எனக்குக் கோபம். அடுத்து நடந்த ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அக்காவுக்கு ஃப்ளைட்டுன்னா பயம்" என்று சொல்லிச் சிரித்தேன். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

ஒவ்வொரு வருடமும் ரயில் முன்பதிவு திறக்கும் நாளில் போன் வரும். "உன் பேரையும் சேத்துப் போட்டுட்டேன். லீவு கெடைச்சா வா." நான் பார்க்கலாம் என்பேன். பார்த்ததே இல்லை. அக்கா அந்த டிக்கெட்டை ரத்து செய்திருப்பார் என்றே பதினொரு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகக் கவுகாத்திக்கு மூன்று பெர்த் போட்டிருந்தார். பிரம்மபுத்திராவைப் பார்க்க வேண்டுமாம். டிக்கெட் எடுத்த பத்தாம் நாள் வயிற்றுவலி என்று திருச்சியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து நான் வந்து சேர்ந்தபோது பேசும் நிலையில் இருந்தார். "ரயிலுக்கு நாள் இருக்குல்ல, அதுக்குள்ள எழுந்துடுவேன்" என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை வருகிறேன் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாமாவைத் தனியாக விடாமல் மாற்றி மாற்றி வந்து படுத்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், காரியத்தை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும், அக்காவோடு பணிபுரிந்து கடைசிவரை தோள் கொடுத்த தபால் அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கு நன்றி சொல்வதானால் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காரியம் முடிந்த மறுவாரம் மாமா, "டிக்கெட்டு இருக்கு மாப்ள, போயிட்டு வருவோம்" என்றார். வருடம் திரும்பாமல் எங்கே போவது என்று சிலர் தடுத்தார்கள். மாமா கேட்கவில்லை. சென்னையில் கவுகாத்தி ரயில் ஏறினோம். எதிரே அக்காவின் பெர்த் காலியாக இருந்தது.

அப்போதுதான் மாமா சொன்னார். "உன் டிக்கெட்டை ஒரு வருசமும் கேன்சல் பண்ண வுட்டதில்ல உங்கக்கா. கடைசி நிமிசத்துல வந்துட்டான்னா படுக்க எடம் வேணாமான்னு கேப்பா. ப்ளேன்ல போனா நாலு மணி நேரத்துல எறங்கிடணும், ரயில்னா ரெண்டு நாளு தம்பிகூட உக்காந்து பேசலாம்னுதான் அவளுக்கு. டி.டி.ஆர். வந்து கேட்டா, 'இந்த வருசம் வரல சார், அடுத்த வருசம் வந்துடுவான்'னு சொல்லிட்டு எடத்தை வுட்டுக் குடுப்பா."

ஊர் பார்க்கும் ஆசை என்று நான் கேலி செய்தது பாதிதான். மீதிப் பாதி நான்.

சற்று நேரத்தில் டி.டி.ஆர். வந்தார். பட்டியலைப் பார்த்து, "இந்த லோயர் பெர்த் அம்மா வரலைங்களா?" என்று கேட்டார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"வரல சார்" என்றேன். அக்காவைப்போல் 'அடுத்த வருசம்' என்று சேர்த்துச் சொல்ல எனக்கு வழி இல்லை.